தாளில் இல்லாத நீட்டல்

ரயில் பணிமனை பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றி நடுவர்கள் வருஷா வருஷம் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். வாசிப்பு சுத்தம், அணிவகுப்பு சுத்தம், சீருடை சுத்தம். ஆனால் ஏதோ ஓர் இடத்தில் டிரம்பெட் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் எல்லாரும் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். இது தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மதிப்பெண்ணைக் குறைப்பார்கள், கோப்பை தீயணைப்புப் படைக்குப் போகும், தப்பினால் தபால்காரர்களுக்குப் போகும். பணிமனைக்காரர்கள் பஸ்ஸில் ஏறி, நடுவர்களின் காதுகளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள்.

நடுவர்கள் கிடக்கட்டும். ஊருக்கு அந்த நீட்டல் என்றால் உயிர். அது எப்போது வரும், எந்தப் பாட்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் வரவே வராது. அன்றைக்குக் கூட்டம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கலையும். வந்துவிட்டாலோ, தெருமுனையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சுரம் மேலே ஏறி நிற்கும். நிற்கும். இதற்கு மேல் மனுஷ மூச்சு தாங்காது என்று கேட்பவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகும் நிற்கும். ஊதுகிறவள் கண்ணை இறுக மூடியிருப்பாள்.

அவள் சக்கரப் பிரிவில் லேத் ஓட்டுகிறவள். ரயில் பெட்டியிலிருந்து கழற்றி வருகிற தேய்ந்த சக்கரங்களை மறுபடி வட்டமாகக் கடைந்து அனுப்புவது அவள் வேலை. ஆள் ஒன்றும் நெட்டை இல்லை, குட்டைதான். ஆனாலும் பணிமனையில் எல்லாருக்கும் அவள் 'நெடில்'. சம்பளப் பிரிவில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகத்தில் இருந்தது.

இனி உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த நீட்டல் சங்கீதமே இல்லை. வைத்தியம்.

முதல் தடவை அது நடந்தது ஒரு மேலாளரின் பணி ஓய்வு விழாவில். அணிவகுப்புப் பாட்டு பாதியில் இருக்கும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அவள் நெஞ்சு தறிகெட்டு ஓடத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் வருகிற படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது அப்படி இல்லை. யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி. தொண்டையில் துடிக்கிறது, காதுக்குள் துடிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது. விழப்போகிறோம் என்று நினைத்தாள். மேலாளர் முன்னால், அதுவும் டிரம்பெட்டோடு விழுவதா? வேறு யாராவது என்றால் உட்கார்ந்திருப்பார்கள். இவளுடைய ரோஷம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, கையில் கிடைத்த சுரத்தில் போட்டு அழுத்தினாள். மூச்சு தீர்ந்து விட்டபோது நெஞ்சுக்குள் ஒரே ஒரு அடி, ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் இதயம் ஒன்றும் நடக்காததுபோல் தன்பாட்டுக்கு நடந்தது. கண்ணைத் திறந்தால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் போய், ஐயா, எனக்கு மயக்கம் வந்தது என்று எவளால் சொல்ல முடியும்? பாராட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் வாசிப்பின் நடுவே அது வந்த போதெல்லாம் அப்படியே ஊதி அடக்கினாள். விழா, கூட்டம், போட்டி என்று மனசு கொஞ்சம் துள்ளுகிற நாட்களில்தான் அது பெரும்பாலும் வந்து தொலைத்தது. ஊரில் பேர் பரவியது.

வீட்டில் அது முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டிலுக்கடியில் போன செருப்பைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தாள், அவ்வளவுதான். டிரம்பெட் அன்றைக்குப் பணிமனையில் பூட்டிக் கிடந்தது. காத்திருந்து பார்த்தும் நிற்கவில்லை. அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிறவன். நிதானமான ஆள், கை நடுங்காத தொழில். அன்றைக்கு அவனுக்கே பூட்டில் சாவி நுழையவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டாக்டரம்மா ஊசி போட்டார். போடும் முன், ஒரு நொடி உலகமே நின்றுபோன மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள் என்றார். இருந்தது. அந்த ஒரு நொடி அவள் யாரையெல்லாம் நினைத்தாள் என்பதைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அப்புறம் இதயம் வழிக்கு வந்தது.

டாக்டரம்மா விளக்கியதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இதயத்துக்குள் மின்சாரம் போக ஒரு பாதை இருக்கவேண்டும். இவளுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு கிளைப் பாதை இருக்கிறது. எப்போதாவது மின்சாரம் அதில் புகுந்துவிட்டால் வெளியே வரத் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ரயில் பணிமனைக்காரிக்கு இதற்கு மேல் சொல்லவேண்டுமா என்ன. மூச்சை அழுத்தினால் அந்தச் சுற்று அறுபடும் என்று சொல்லி, வெறும் சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, வாயில் வைத்து உள்ளிருக்கும் தண்டு நகரும்வரை ஊதச் சொன்னார் டாக்டரம்மா. ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாந்து படுக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் கால் இரண்டையும் தூக்கிப் பிடிக்கவேண்டும். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தன்னிடம் இதைவிடப் பெரிய சிரிஞ்சு ஒன்று பித்தளையில் இருக்கிறது என்பதை நெடில் சொல்லவில்லை.

கால் தூக்கும் பொறுப்பைக் கணவன் தலைமேல் ஏற்றுக்கொண்டான். ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் கத்தரிக்கோல் இரவல் கேட்டு வந்தாள். கதவு திறந்திருந்தது. சோபாவில் மனைவி படுத்திருக்க, இவன் தரையில் நின்று அவள் காலிரண்டையும் பக்தியோடு பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் இவன் உதாரணமாக ஆகிப்போனான். ஆண்கள் பார்வையில்தான் கொஞ்சம் அனல் அடித்தது.

நோய் இருப்பது கணவனுக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊதல் எங்கிருந்து வருகிறது என்பது கணவனுக்கு மட்டும்தான் தெரியும். பணிமனையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரே கொண்டாடுகிற ஒன்று மருந்துப்புட்டியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் தன் முகம் என்னாவது என்று அவளுக்கு எண்ணம். நோயாளி என்று பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்ப்பது அவளுக்கு அறவே ஆகாது.

மாத்திரையில் கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. பிறகு அதையும் மீறி வரத் தொடங்கியது. வந்தால் நெடுநேரம் நின்றது. ஒருநாள் காலை, லேத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வந்தது. உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்காரவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஒரு சுற்று முடியட்டும் என்று நின்றாள். கண் இருண்டது. சிவப்புப் பொத்தானை அடித்து அவள் சரிந்து உட்காருவதற்குள் உளி சக்கரத்தின் விளிம்பில் ஆழமாகப் பாய்ந்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சக்கரம் போயிற்று, இனி அது பழைய இரும்பு.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் கையில் கெட்ட முதல் சக்கரம் அது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, சக்கரம் போனால் போகட்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தட்டிக்கொடுத்தார். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

இதற்கு ஒரேயடியாக முடிவு கட்ட வழி இருக்கிறது என்றார் அவர். தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் அனுப்பி, அந்தக் கிளைப் பாதை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சூடு வைத்து அடைத்துவிடுவது. ஆபத்து சிறியது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்று அதையும் மறைக்காமல் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருவதில்லை. கேட்கிறவர்கள் துள்ளிக் குதிக்கவேண்டிய செய்தி. நம் நெடிலின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து டிரம்பெட்டை எடுத்தாள். நெஞ்சு அமைதியாக இருந்தது. அதே சுரத்தை, அதே மாதிரி நீட்டிப் பார்த்தாள். பாதியில் மூச்சு தீர்ந்தது. மறுபடி ஊதினாள், மறுபடி பாதி. மறுநாளும் அப்படியே. அந்த நீட்டலை அமைதியான நெஞ்சோடு ஒருதரம்கூட ஊதியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. உயிர் பயத்தில் வருகிற மூச்சு வேறு, சும்மா வருகிற மூச்சு வேறு. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வந்து எட்டிப் பார்த்த கணவனிடம் மனசில் இருந்ததைக் கொட்டினாள்.

"அந்த ஊதல் என்னோடது இல்லங்க. அந்த வியாதியோடது. அது போனா இதுவும் போயிடும். அப்புறம் நான் யாரு, கூட்டத்துல நிக்கிற ஒரு டிரம்பெட்டு."

கணவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். யோசிக்கும்போது அவன் செய்கிற காரியம் அது.

"நெஞ்சு அப்படி ஓடினா யாரா இருந்தாலும் பயந்து உக்காந்திருப்பாங்க. நீ நின்னு ஊதின. அதையும் வியாதிதான் பண்ணுச்சா?"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பாழாய்ப்போன சக்கரம் கண் முன்னால் வந்து நின்றது. அவள் கடைகிற சக்கரங்களின் மேல் ஊர் பேர் தெரியாத ஜனங்கள் தூங்கிக்கொண்டு போகிறார்கள். ரயிலில் போகும்போது தடதடப்பு சீராகக் கேட்டால், இது என் கைவேலையாகக்கூட இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறவள் அவள். அந்தக் கர்வத்துக்கும் இந்தக் கர்வத்துக்கும் அன்றைக்கு மல்லுக்கட்டு நடந்தது. சக்கரம்தான் ஜெயித்தது. போட்டிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. லேசாக மயக்கம் கொடுத்திருந்தார்கள், ஆனால் நினைவு இருந்தது. கம்பிகள் உள்ளே போய்ச் சேர்ந்ததும் டாக்டரம்மா, இப்போது நாங்களே அதைக் கிளப்பிவிடப்போகிறோம் என்று சொன்னார். கிளப்பினார்கள். வந்துவிட்டது, அதே பழைய ஓட்டம். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. உதடு தானாகக் குவிந்தது, கன்னம் இறுகியது, வயிறு உள்ளே போனது.

என்ன செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு மறைத்து என்ன பயன்? மல்லாந்து படுத்தபடி டிரம்பெட் கதையைச் சொன்னாள். முகமூடிக்கு மேலே டாக்டரம்மாவின் கண்கள் சிரித்தன. உங்கள் பேண்டை நானும் கேட்டிருக்கிறேன், கைகூடத் தட்டியிருக்கிறேன் என்றார்.

"இப்ப மட்டும் ஊதிடாதீங்க. அது கொஞ்ச நேரம் ஓடட்டும். எந்த வழியா ஓடுதுன்னு நான் பாக்கணும்."

அன்றைக்கு அவளுக்கு இருந்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். அதுவரை ஒருதரம்கூட அவள் சம்மதித்து அதை ஓட விட்டதில்லை. வந்தால் பாய்ந்து கழுத்தைப் பிடிப்பாள். இப்போது வாயைத் தளர்த்திக்கொண்டு, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடு, நானும் பார்க்கிறேன் என்று கிடந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊதவில்லை. டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டத்தை அவரே நிறுத்திவிட்டு, கண்டுபிடித்த இடத்தில் சூடு வைத்தார். நெஞ்சுக்குள் ஒரு காந்தல் வந்து போனது. பிறகு மறுபடி மறுபடி அதைக் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஆள் இல்லை என்றார். நெடிலுக்குச் சந்தோஷம்தான். அதோடு, சொன்னால் வெட்கம், நெடுநாள் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி ஒரு வெறுமையும் இருந்தது. காலை மடக்காமல் நீட்டிப் படுத்திருக்கச் சொல்லி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். காத்திருந்த கணவன், இப்போது காலைத் தூக்கிப் பிடிக்கவேண்டாமா என்று கவலையோடு கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொடை வலித்தது.

டாக்டரம்மா அனுமதித்த பிறகுதான் டிரம்பெட்டைத் தொட்டாள். முதல் நாள் ஒத்திகைக்குப் போனதும் நேரே மாஸ்டரிடம் போனாள். பேண்டை நடத்துகிற மாஸ்டர் பகலில் பெயின்ட் பிரிவின் தலைவர். சட்டைக் கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். கறாரான மனிதர். கிளாரினெட் வரிசையில் ஒருவர் ஒரு நூலளவு தப்பினாலும் எல்லாரையும் நிறுத்திவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் நீட்டலை மட்டும் விட்டுவைத்திருப்பது அவளுக்கு உள்ளூரப் பெருமை. இந்தத் தடவை தாளில் இருக்கிறபடியே வாசித்துவிடலாம், கோப்பை நமக்குத்தான், நான் நீட்டப்போவதில்லை என்று சொன்னாள். ஏன் என்று கேட்டார் மாஸ்டர். அவள் தயங்குவதைப் பார்த்துவிட்டு, காரணத்தை எல்லாரிடமும் சொல்லிவிடு, இது எல்லாருடைய வாசிப்பும்தான் என்றார்.

சரி, வருவது வரட்டும் என்று எல்லார் முன்னாலும் நின்று சொன்னாள். ஓய்வு விழாவில் தொடங்கியதை, ஊதி அடக்கியதை, சக்கரம் கெட்டதை, சூடு வைத்ததை. நீங்கள் சங்கீதம் என்று நினைத்தது என் வைத்தியம், உங்களை இத்தனை காலம் ஏமாற்றிவிட்டேன் என்று முடித்தாள். பெரிய டிரம் வாசிப்பதால் 'டமாரம்' என்று பேர் வாங்கியவர், அவள் பக்கத்திலேயே நிற்கிற மனிதர், மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"தெரியும் தங்கச்சி."

என்ன தெரியும் என்று அவள் திரும்பினாள். டமாரம் தன் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் சீருடைக்குக் கழுத்தை ஒட்டி ஒரு பித்தளைப் பொத்தான் உண்டு. அவளுக்கு நெஞ்சு ஓடும்போது கழுத்து நரம்பு துடித்து, அந்தப் பொத்தான் துள்ளுமாம். ஓய்வு விழா அன்றைக்கே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாஸ்டரின் ஒரு கண் தாளில், ஒரு கண் அவளுடைய பொத்தானில். பொத்தான் துள்ளினால் மாஸ்டரின் இடது கை மேலே போகும். அது இறங்கும்வரை ஒருவரும் வாசிக்கக்கூடாது, அசையக்கூடாது, தாளைப் புரட்டக்கூடாது. புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லித் தருகிற சட்டமே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவளுக்கு மட்டும் அந்தக் கை தெரிந்ததில்லை. தன் ஊதலில் மயங்கி எல்லாரும் தானாக நின்றுவிடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லல. அதனால நாங்களும் கேக்கல," என்றார் டமாரம்.

அவளுக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப இத்தன வருஷமா எனக்குப் பிச்சை போட்டிருக்கீங்க. கப்பைக்கூட விட்டுக்குடுத்து."

மாஸ்டர் கையில் இருந்த குச்சியைத் தாள் நிறுத்தும் கம்பியின் மேல் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் கையத் தூக்கிட்டு நிக்கிறப்ப, இன்னைக்கு இவ விழுந்துடுவாளோன்னு உன் பொத்தானையே பாத்துட்டிருப்பேன். நீ விழல. ஊதின. அப்படி ஒரு ஊதல நான் வேற எங்கயும் கேட்டதில்லம்மா. நாங்க கப்பை விட்டது உனக்காக இல்ல. அதைக் கேக்கிறதுக்காக."

டிரம் வைக்கிற பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் அழுதாள். லேத் முன்னால் அழாதவள், ஆஸ்பத்திரியில் அழாதவள், அத்தனை பேர் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, இனி அது வராது, அமைதியான நெஞ்சோடு தனக்கு அதை ஊதத் தெரியவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட்டாள். பரவாயில்லை, எழுதினபடி வாசிப்போம் என்றார் மாஸ்டர். எப்போதாவது தோன்றினால் எந்த இடத்திலும் நீட்டலாம், நாங்கள் நிற்போம் என்றும் சொன்னார். கோப்பை வந்தால் அதைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று டமாரம் அலுத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒத்திகை எல்லாம் தாளில் உள்ளபடியே நடந்தது. ஒரு பிசிறு கிடையாது. உப்பும் கிடையாது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றுகொண்டே இருந்தாள். பாதிக்கு மேல் நகரவில்லை.

போட்டி நாளில் மைதானத்தில் நல்ல வெயில். நடுவர்கள் பந்தலுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்து உள்ளே நடக்கும்போது அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பழைய பழக்கத்தில் கவனித்தாள்: மெல்ல ஏறுகிறது. சுவிட்சு போட்ட ஓட்டம் இல்லை. எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி அடிக்கிறது. அதுவே ஒரு தினுசாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. தாளில் உள்ளபடி, இம்மி பிசகாமல் போனது. தீயணைப்புப் படைக்காரர்கள் முகம் தொங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கடைசிப் பகுதியில் டிரம்பெட் மேலே ஏறித் தொட்டுவிட்டு இறங்கவேண்டிய சுரம் ஒன்று இருக்கிறது. ஏறித் தொட்டாள். இறங்கவேண்டிய நேரத்தில், இவர்கள் எத்தனை தடவை என் உயிருக்காக நின்றிருக்கிறார்கள், ஒரு தடவையாவது உயிர் பயம் இல்லாமல் இவர்களுக்காக ஊதவேண்டும் என்று தோன்றியது. இறங்கவில்லை.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள். மாஸ்டர் திடுக்கிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார். பொத்தான் அசையாமல் இருந்தது. அவர் முகம் மாறியது. இது வியாதி இல்லை, இவளாகவே ஊதுகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையை மேலே தூக்கினார். பேண்டு முழுக்க அப்படியே நின்றது. வீட்டில் மூச்சு தீர்ந்துபோகிற அந்த இடம் வந்தது. சுரம் ஒரு நடுக்கம் நடுங்கியது. டமாரம் ஓங்கிய குச்சியைத் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றிருந்தார், வயசான கை, தோள் வெடவெடவென்று ஆடியது, ஆனாலும் கீழே விடவில்லை. வீட்டில் அவளுக்காக இப்படி யாரும் நிற்கவில்லை. எங்கிருந்தோ மிச்சமிருந்த மூச்சு வந்தது. அந்த இடத்தைத் தாண்டிப் போனாள்.

பழைய நீளம் இருந்ததா என்று கேட்டால், ஒரு சுண்டுவிரல் குறைவுதான் என்று டமாரம் இன்றைக்கும் அடித்துச் சொல்வார். நடுவர்கள் வழக்கம்போல் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதெல்லாம் பிறகு நடந்த கதை. அந்த நேரத்தில் அவளுக்கு அது எதுவும் தெரியாது. இத்தனை வருஷமும் ஊதும்போது அவள் காது நிறைய அவளுடைய நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் இருந்தது. உயிர் பிழைக்க ஊதினாளே தவிர, ஊதியதைக் கேட்டதில்லை. ஊர் கேட்டது, மேலாளர் கேட்டார், டாக்டரம்மாகூடக் கேட்டார், அவள் கேட்டதில்லை. இப்போது காது காலியாக இருந்தது. சுரம் மைதானத்தின் அந்தக் கோடிவரை போய் நின்றதைக் கேட்டாள். பரவாயில்லையே, நான் நல்லாத்தான் ஊதுறேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊதினாள்.